உரைதிருத்தியின் தொடக்கத் தாமதமும் அதனை நீக்கும் நெறிகளும்

எத்தொழிலுக்கும் தொடக்கம் என ஒன்று உண்டு. உழவன் ஏர் பூட்டுமுன் நுகமும் கயிறும் தேடி எடுக்கின்றான். நெசவாளி ஓடத்தை எறியுமுன் பாவினைத் தறியில் ஏற்றுகின்றான். இவ்வாயத்தப்பணி வேண்டற்பாலதே. ஆயின், ஆயத்தமே பொழுதை உண்டுவிடுமாயின் செய்தற்குரிய தொழில் பின்னடையும். கணினியில் நிரல் எழுதுவோர் நாடோறும் கையாளும் உரைதிருத்தி என்னுங் கருவியும் இதற்குப் புறம்பானதன்று. அதனைத் திறக்குங்கால் நேரும் தாமதம் எதனால் ஆவது, அஃது எங்ஙனம் குறைக்கப்படும் என்னும் இரண்டினையும் இக்கட்டுரைக்கண் சுருங்கக் கூறுவாம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு நிரலாளர் கருவியால் ஆவது என்னை என நண்பர் சிலர் வினவக்கூடும். உரைதிருத்தி என்பது அச்சழகு முதலிய ஒப்பனைகளை விடுத்து, எழுத்துக்களை மட்டும் உள்ளவாறே எழுதவும் தேடவும் மாற்றவும் வரிசைப்படுத்தவும் உதவுவது. நிரல் எழுதுவோர்க்கென ஆக்கப்பட்டதாயினும், பழைய உரைநூல்களுக்குச் சொல்லடைவு தொகுக்கப் புகும் எம்போல்வார்க்கும் அதனினும் சிறந்த துணை பிறிதில்லை. பல்லாயிரம் அடிகளில் ஒரு சொல் பயின்றுவரும் இடங்களையெல்லாம் அஃது ஒரு நொடியிற் காட்டும். அகரவரிசையில் அடுக்கியுந் தரும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எம் இல்லத்துள்ள கணினி, எம் தமையனார் தம் படிப்பு முடிந்தபின் எமக்கு விட்டுச்சென்ற பழங்கணினி. அதில் உரைதிருத்தியைத் திறந்துவிட்டு, அடுக்களைக்குச் சென்று காப்பி வாங்கி வருவது எமக்கு வழக்கமாயிற்று. புதியதொன்று வாங்கித்தருமாறு தந்தையாரைக் கேட்கலாமென எண்ணினோம். அவர் லேத்துப் பட்டறையில் உழைப்பவர். அவரது ஊதியம் இன்னதென்பது எமக்குத் தெரியும். எனவே சொல்லத் தயங்கித் தமையனாரிடம் கூறினோம். அவர், “புதியது வாங்குவது இருக்கட்டும், தம்பி, இருப்பது ஏன் தாமதிக்கிறது என்று பார்த்தாயா?” என்றார். யாம் பார்த்ததில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

உரைதிருத்தியைத் திறக்குங்கால் நிகழ்வன யாவை? முதற்கண், நிரலின் கோப்பு வட்டிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றப்படும். அடுத்து, நிரல் தன் உள்ளமைப்புக்களை அமைத்துக்கொள்ளும். பின்னர்ச் சாளரத்தை வரைந்து, எழுத்துருக்களைத் தேடும். அதன்பின், பயன்படுத்துவோன் தன் விருப்பப்படி எழுதிவைத்த அமைப்புக்கோப்பினைப் படித்து, அதன்கண் உள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். அக்கட்டளைகள் வேண்டும் நீட்சிகளை, அஃதாவது பிறர் எழுதிய துணைநிரல்களை, ஒவ்வொன்றாகத் தேடி ஏற்றும். இவ்வனைத்தும் முடிந்த பின்னரே இடங்காட்டி கண்சிமிட்டி, எழுத வருக என அழைக்கும்.

இவற்றுள் வட்டினைப் படித்தலே பழங்கணினிகளிற் பெருந்தடை. பழைய மடிக்கணினிகளிற் பெரும்பாலும் அமைந்திருப்பது நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் வட்டு. அஃது ஒரு சுற்றுச் சுழல ஏறத்தாழ 11 மில்லிவிநாடி ஆகும். மில்லிவிநாடி என்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறு. படிக்கும் முனை உரிய தடத்திற்கு நகர்தல் வேண்டும். நகர்ந்தபின், வேண்டும் பகுதி சுழன்று தன்கீழ் வருமளவும் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருத்தலும் வேண்டும். ஒரு கோப்பிற்கு இது சிறிதே. நூறு கோப்புக்கள் வட்டிற் சிதறிக்கிடப்பின், படித்தற்கு முன்னான காத்திருப்பு மட்டுமே ஒரு விநாடியைக் கடந்துவிடும். சுழலும் உறுப்பில்லாத புதுவகைச் சேமிப்பகங்களில் இத்தடை இல்லை. ஒருமுறை படித்த கோப்புக்களை இயங்குதளம் நினைவகத்திற் சிலகாலம் வைத்திருத்தலின், இரண்டாம் முறை திறக்குங்கால் தாமதம் குறைந்து காணப்படும். ஆதலின் கணினியை இயக்கியபின் முதல்முறை திறக்கும் நேரத்தையும் மறுமுறை திறக்கும் நேரத்தையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

நிற்க. இத்தாமதம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு ஈமாக்ஸ் என்னும் உரைதிருத்தியின் வரலாறே சான்று. யாம் கையாள்வதும் அதுவே. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இது முதன்முதற் தோன்றியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் பின்னர் இதனைப் புதிதாக எழுதி, குனு ஈமாக்ஸ் என்னும் பெயரால் 1985-இல் வெளியிட்டார். இதன் அமைப்பு ஈரடுக்கு உடையது. அடியிலுள்ள சிறு கரு ஸி மொழியில் எழுதப்பட்டது. அதன்மேல் உள்ள பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் அமைந்தது. பயன்படுத்துவோன் எவனும் லிஸ்ப் பகுதியைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதே இக்கருவியின் பெருஞ்சிறப்பு. அதுவே தாமதத்திற்கும் பிறப்பிடமாயிற்று. எட்டு மெகாபைட்டு நினைவகத்தை நிரப்பி, ஓயாது வட்டிற்கும் நினைவகத்திற்கும் இடையே அலைவது என இதன் பெயரெழுத்துக்களை விரித்து, அக்கால நிரலாளர் நகையாடியதும் உண்டு. எட்டு மெகாபைட்டு அந்நாளிற் பெருஞ்செல்வம்.

ஒவ்வொரு முறையும் லிஸ்ப் கோப்புக்களையெல்லாம் படித்துக் கருவியை உருவாக்குதல் ஆகாதென உணர்ந்த ஆக்கியோர், ஒரு நுட்பமான வழி கண்டனர். இதனை நம் நாட்டுத் தறியால் விளக்குவாம். சிறுமுகையிலோ நெகமத்திலோ நெசவாளி ஒருவர் ஒவ்வொரு புடைவைக்கும் புதிதாக இழைகளை விழுதிலும் அச்சிலும் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருப்பதில்லை. முந்தைய பாவின் நுனிகள் தறியிலேயே கோத்தபடி இருக்கும். புதுப்பாவின் இழைகளை அந்நுனிகளோடு முடிந்து இழுத்துவிடுவர். கோத்த நிலையைக் காத்துவைத்தலே அவர்தம் சூழ்ச்சி. ஈமாக்ஸை ஆக்கியோரும் அதுவே செய்தனர். கருவியைக் கட்டமைக்குங்கால், வெறுங்கருவை ஒருமுறை இயக்கி, இன்றியமையாத லிஸ்ப் கோப்புக்களை அதனுள் ஏற்றி, அவ்வமயம் நினைவகம் இருந்த நிலையை அப்படியே படியெடுத்து ஒரு கோப்பாக்கி வைத்தனர். பயன்படுத்துவோன் திறப்பது அப்படியினையே. கோக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது.

ஆயினும் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. நினைவகத்தைப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை நூலகத்தின் உள்ளமைப்பினை அது பெரிதுஞ் சார்ந்து நின்றது. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகத்தைப் பேணுவோர் அவ்வுள்ளமைப்பினை மாற்ற முற்பட்டபோது, 2016-ஆம் ஆண்டளவில் இது பெருஞ்சிக்கலாக வெளிப்பட்டது. டானியல் கோலாசியோன் என்பார், எந்நூலகத்தையும் அங்ஙனம் சாராது, நினைவகநிலையைத் தனிக்கோப்பாக எழுதிவைத்து மீட்கும் புதுமுறையை ஆக்கினார். 2020-இல் வெளிவந்த ஈமாக்ஸ் 27-ஆம் பதிப்பு அதனை மேற்கொண்டது.

இங்ஙனம் ஆக்கியோர் தம் பங்கினைச் செவ்வனே செய்துவிட்டனராயின், எம் கணினியில் தாமதம் ஏன்? இதற்கு விடைகாண ஓர் எளிய சோதனை உண்டு. திறக்குங் கட்டளையோடு ‘க்யூ’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தினை ஒரு சிறுகோட்டின் பின் சேர்ப்பின், ஈமாக்ஸ் எம் அமைப்புக்கோப்பினைப் படியாது வெறுங்கருவியாகத் திறக்கும். அங்ஙனம் திறந்தபோது அஃது உடனே எழுந்தது. எம் கோப்போடு திறந்தபோது பழையபடி அயர்ந்தது. குற்றம் கருவியின்பால் இல்லை, கணினியின்பாலும் பெரிதில்லை, எம்பாலே உள்ளது என்பது அன்று விளங்கிற்று. வல்லுநர் பலர் வெளியிட்ட அமைப்புக்கோப்புக்களிலிருந்து, பொருள் விளங்காமலே, பகுதி பகுதியாகப் படியெடுத்துச் சேர்த்து வைத்திருந்தோம். யாம் ஒருநாளும் எழுதாத பல கணினிமொழிகளுக்குரிய நீட்சிகள் அதன்கண் நிறைந்திருந்தன.

ஆகவே முதல் நெறி, அளந்தறிதல். “அளக்காமல் கடையாதே” என்பது எம் தந்தையார் பட்டறையில் புதியவர்க்குச் சொல்லும் முதற்பாடம். ஈமாக்ஸில், திறக்க ஆன நேரத்தைக் கூறும் கட்டளை உள்ளிலேயே உண்டு. விம் என்னும் உரைதிருத்தி, தொடக்கத்தில் எந்தக் கோப்பிற்கு எத்துணை மில்லிவிநாடி சென்றது என்பதை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதித்தரும். மைக்ரோஸாப்ட் நிறுவனம் 2015-இல் அறிமுகஞ்செய்த விஷுவல் ஸ்டூடியோ கோட், இயங்கும் நீட்சி ஒவ்வொன்றும் எழ எடுத்துக்கொண்ட நேரத்தைப் பட்டியலிட்டுக் காட்டும்.

பட்டியலாற் புலப்படாத குற்றவாளியைப் பிடிக்க, பாதியாக்கும் முறை பெரிதும் உதவும். நீட்சிகள் 64 உள எனக் கொள்வோம். அவற்றுட் பாதியை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். தாமதம் நீங்கிற்றாயின் குற்றவாளி அணைத்த பாதியில் உளது. நீங்காதாயின் மற்றைப் பாதியில் உளது. 64 என்பது 32 ஆகும். 32 என்பது 16 ஆகும். இவ்வாறு ஆறாம் சோதனையில் ஒன்றே எஞ்சும். ஒவ்வொன்றாகச் சோதிப்பின் அறுபதுக்கு மேற்பட்ட சோதனை வேண்டியிருக்கலாம். விஷுவல் ஸ்டூடியோ கோட் இம்முறையினைத் தானே நடத்துங் கட்டளையினையும் உடையது.

இரண்டாம் நெறி, வேண்டாதன நீக்கல். இதற்கு விரிவுரை வேண்டா. பயன்படாத நீட்சியினை விரைவுபடுத்தும் வழிகளுள் தலைசிறந்தது அதனை எடுத்தெறிதலே.

மூன்றாம் நெறி, வேண்டும்போது அழைத்தல். விருந்தினர் வந்தபின் இலை போடுதல் முறையேயன்றி, ஊரார் அனைவரும் வருவர் என நாடோறும் நூறு இலை போடுதல் முறையன்று. ஈமாக்ஸில் ஒரு துணைநிரலின் பெயரையும் அஃது இருக்கும் கோப்பினையும் மட்டும் குறித்துவைத்து, அப்பெயரை ஒருவன் முதன்முறை அழைக்கும்போது அக்கோப்பினை ஏற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விம் 2006-இல் வெளிவந்த தன் 7-ஆம் பதிப்பில் இதனையொத்த வசதியினைப் பெற்றது. விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஒவ்வொரு நீட்சியும், இன்ன மொழிக்கோப்புத் திறக்கப்படின் என்னை எழுப்புக என்பது போலத் தன் அறிமுகக்கோப்பிற் குறித்துவைக்கும். மேலும், அந்நீட்சிகள் தனியானதொரு செயலோட்டத்தில் இயங்குதலின், அவற்றின் சோம்பல் எழுதுவோன் விரலைத் தடுப்பதில்லை. ஈமாக்ஸில் இத்தகைய ஒழுங்கினை எளிதாக எழுத உதவும் யூஸ் பேக்கேஜ் என்னும் துணைநிரல், 2023-இல் வெளிவந்த 29-ஆம் பதிப்புமுதல் கருவியோடே சேர்ந்து வருகின்றது.

இந்நெறிக்கு நம் தமிழே நல்லதோர் எடுத்துக்காட்டு. ஈமாக்ஸ் தன்னகத்தே தமிழ் உள்ளீட்டு முறைகளைக் கொண்டுள்ளது. ஆயின் தொடக்கத்தில் அவற்றின் பெயர்ப்பட்டியலை மட்டுமே அஃது அறிந்திருக்கும். எவ்விசைக்கு எவ்வெழுத்து என்னும் அட்டவணை, ஒருவன் தமிழில் எழுதப்புகும் அன்றே ஏற்றப்படும். எழுத்துருவும் அங்ஙனமே, தமிழெழுத்து ஒன்று திரையில் முதன்முதல் தோன்றவேண்டிய போதுதான் அதற்குரிய எழுத்துரு தேடப்படும். பன்மொழிகளில் வணக்கங் கூறும் கோப்பொன்று ஈமாக்ஸுடன் வருகின்றது. அதில் தமிழும் உண்டு. பழங்கணினியில் அக்கோப்பினை முதன்முறை திறப்போர் சிறிது தயக்கத்தைக் காண்பர். பல எழுத்துமுறைகளுக்கும் எழுத்துருக்களை ஒருங்கே தேட நேர்தலே அதற்குக் காரணம். இத்தேட்டம் முழுவதும் ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலேயே நிகழுமாயின் நம் நிலை என்னாம்!

நான்காம் நெறி, முன்னரே செய்துவைத்தல். லிஸ்ப் கோப்பினை எழுதியவாறே படித்தலினும், கணினிக்கு எளிய இடைநிலைக் குறியீடாக மாற்றிவைத்துப் படித்தல் விரைவுடையது. 2022-இல் வெளிவந்த 28-ஆம் பதிப்பு, ஒருபடி மேற்சென்று, கணினியின் சொந்தக் கட்டளைகளாகவே மாற்றிவைக்கும் வசதியினையும் தந்தது. அம்மாற்றம் முதன்முறை பின்னணியில் நிகழுங்கால் பழங்கணினி சிறிது திணறும். பின்னர்ப் பயன் தரும். மற்றொன்று, கோப்புத்தேடலைக் குறைத்தல். நீட்சி ஒவ்வொன்றும் தனித்தனி அடைவில் இருத்தலின், ஒரு கோப்பினை வேண்டும்போது கருவி அடைவு அடைவாகச் சென்று, இங்கில்லை இங்கில்லை எனத் தேடித் திரியும். நீட்சிகளின் குறிப்புக்களையெல்லாம் ஒரே கோப்பாகத் தொகுத்துவைக்கும் வசதி 27-ஆம் பதிப்பில் வந்தது. நூற்பொருள் காண ஒவ்வோர் ஏட்டையும் புரட்டுதலினும், பொருளடக்கத்தைப் பார்த்தல் எளிதன்றோ?

ஐந்தாம் நெறி, இடையூறு குறைத்தல். லிஸ்ப் நிரல்கள் இயங்குங்கால் பயன்முடிந்த நினைவகப் பகுதிகள் குப்பைபோற் சேரும். 64 பிட்டுக் கணினிகளில், புதிதாக ஏறத்தாழ 800,000 பைட்டு ஒதுக்கப்பட்டவுடன் கருவி தன் வேலையை நிறுத்திக் கூட்டிப்பெருக்கத் தொடங்கும். தொடக்கத்திலோ பேரளவு நினைவகம் விரைந்து ஒதுக்கப்படும். ஆதலின் கூட்டுதலும் பன்முறை நிகழும். திருமண வீட்டிற் பந்தி நடக்குங்கால் ஒவ்வோர் இலைக்கும் துடைப்பம் எடுப்பார் உளரோ? ஆதலால் தொடங்கும்போது மட்டும் அவ்வெல்லையை உயர்த்தி, தொடங்கியபின் மீண்டும் தாழ்த்துவர். தாழ்த்த மறப்பின், குப்பை மலையாய்ச் சேர்ந்து, எழுதிக்கொண்டிருக்கும்போது நீண்ட தடை நேரும். இதனைச் சாளர அமைப்பிற்கு முன்னரே செய்தற்பொருட்டு, முற்படப் படிக்கப்படும் தனி அமைப்புக்கோப்பு ஒன்றும் 27-ஆம் பதிப்பில் ஏற்பட்டது. வேண்டாத கருவிப்பட்டையை அக்கோப்பிலேயே நீக்கிவிடின், அதனை வரைந்து பின் அழிக்கும் வீண்வேலையும் இல்லை.

ஆறாம் நெறி, மூடாதிருத்தல். 2009-இல் வெளிவந்த 23-ஆம் பதிப்புமுதல், ஈமாக்ஸைப் பின்னணியில் இடையறாது இயங்கும் பணியாளாக நிறுத்திவைத்து, வேண்டும்போது சாளரத்தை மட்டும் திறந்துகொள்ளலாம். அடுப்பின் கனலைச் சாம்பலுள் மூடிவைத்து மறுநாள் ஊதிக்கொள்ளும் பாட்டிமார் வழக்கம் போன்றது இது. ஆயின் அப்பணியாள் நினைவகத்தின் ஒரு பகுதியை எப்போதும் பற்றிக்கொண்டிருப்பான். நினைவகம் குறைந்த கணினியில் இதனை ஆராய்ந்தே மேற்கொள்ளல் வேண்டும்.

இனி, ஓர் எச்சரிக்கை. ஒத்திவைத்தல் வேறு, ஒழித்தல் வேறு. தொடக்கத்தில் ஏற்றாது விட்ட நீட்சி, முதன்முறை அழைக்கப்படும்போது அதே நேரத்தைக் கொண்டே தீரும். யாம் முதலில் ஆர்வமிகுதியால் அனைத்தையும் ஒத்திவைத்தோம். கருவி உடனே திறந்தது. ஆனால் முதற்கோப்பினைத் தொட்டவுடன் நின்றுவிட்டது. தாமதம் வாயிலினின்று முற்றத்திற்கு நகர்ந்ததேயன்றி நீங்கிற்றில்லை. நாடோறும் முதற்கணத்திலேயே வேண்டுவனவற்றைத் தொடக்கத்திலேயே ஏற்றுதலும், சிலபோது வேண்டுவனவற்றை ஒத்திவைத்தலும், என்றும் வேண்டாதனவற்றை ஒழித்தலுமே முறை. மேலும், காலையில் ஒருமுறை திறந்து மாலையில் மூடுவோர், அரை விநாடி குறைப்பதற்காக ஒரு திங்களைச் செலவிடுதல் பேதைமை. நாளில் ஐம்பது முறை திறந்து மூடுவோர்க்கோ அவ்வரை விநாடியும் பொருட்டே. எத்துணை குறைத்தல் தகும் என்பதனைத் தத்தம் வழக்கம் நோக்கியே துணிதல் வேண்டும்.

எம் செய்தி கூறி முடிப்பாம். அமைப்புக்கோப்பில் ஒவ்வொரு வரியையும் படித்து, பொருள் விளங்காத வரியை நீக்கினோம். நீக்கியதால் இடர் நேர்ந்தால் மட்டும், பொருள் அறிந்து மீளச் சேர்த்தோம். பெரும்பகுதி மீளவேயில்லை. இரண்டு மாலைப்பொழுதில் இவ்வேலை முடிந்தது. இன்று அடுக்களைக்குச் சென்று வரும் அளவிற்கு அக்கருவி எமக்கு ஓய்வளிப்பதில்லை. சொல்லடைவும் ககர வரிசையைக் கடந்துவிட்டது. தந்தையாரிடம் புதிய கணினி கேட்கவும் இல்லை. கேட்க எண்ணியிருந்தோம் என்பதை அவர் அறியவும் இல்லை.

நண்பர்காள், நம்முட் பலர் பிறர் கொடுத்த பழங்கணினியிற் பயில்வோர். கருவி மெலிவுற்றால் அதனைப் பழித்துப் புதியது நாடுதல் எளிது. அதற்குமுன், அதன்மேல் நாம் ஏற்றிய சுமை எவ்வளவு என ஒருமுறை அளந்து பார்த்தல் நன்று. கற்றோர் செய்துவைத்ததைக் கல்லாது படியெடுத்ததே எம் தாமதத்தின் வேர். அதனை ஒரு வரி ஒரு வரியாகக் கற்றதே அதற்கு மருந்தாயிற்று.